பரணிலிருந்து இறங்கிய பல்லாங்குழி

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது. "என்ன இருக்கப்போகிறது? எல்லாம் பழைய சாமான்" என்றுதான் சொல்வீர்கள். யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று, "அதை எனக்குக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்கிற வரையில் அது பழைய சாமான்தான். அவர் கேட்ட அந்த நிமிஷத்திலிருந்து அது குடும்பச் சொத்தாகிவிடுகிறது!

கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்வி திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்குள் வந்து தை மாதம் முழுவதும் எங்களோடு குடித்தனம் செய்தது. உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்திருக்கும். ஒரு வீட்டில் பாட்டியின் ஜரிகைப் புடவை. இன்னொரு வீட்டில் பித்தளை அண்டா. வேறொரு வீட்டில் வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் படங்களோடு பைண்டு செய்த தொடர்கதை. எங்கள் வீட்டில் அது ஒரு பல்லாங்குழிப் பலகை. ஆகவே, என் அனுபவம் உங்களுக்கும் பிரயோஜனப்படலாம் என்று நினைத்து எழுதுகிறேன்.

பலகை எப்படியிருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈட்டி மரத்தில் செய்தது. மூடி வைத்தால் மீன். திறந்து வைத்தால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். நடுவே பித்தளைக் கீல். மீனுக்குக் கண்ணும் உண்டு, செதிலும் உண்டு. குழிகளின் உட்புறம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அது தச்சர் இழைத்த வழவழப்பல்ல; விரல்கள் இழைத்தது. என் மாமனாரின் தாயார் 1930-ஐ ஒட்டி அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக வந்தது. அப்போதே அது புதிதல்லவாம். அவர்களுடைய அம்மா ஆடியதாம். கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டியிருக்கும்.

இது பரணிலிருந்து இறங்கியதற்கே ஒரு காரணம் உண்டு. 2023-ம் வருஷம் மார்கழி பிறந்த அன்றைக்கு, டிசம்பர் 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஜில்லாவிலும் தூத்துக்குடி ஜில்லாவிலும் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! பொதிகையிலே பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று நெல்வயல்களுக்குப் பாலூட்டிக்கொண்டு வருகிற தாமிரபரணித் தாய், அன்று கரையை மறந்துவிட்டாள். ஜங்ஷன் பக்கத்தில் மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் ஒரே வெள்ளம். எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. கிரைண்டருக்குள் ஒரு படி வண்டல். கீழே இருந்ததெல்லாம் போயிற்று. மேலே இருந்ததெல்லாம் பிழைத்தது. பரணைச் சுத்தம் செய்ய ஏறிய என் கணவர், முதலில் இறக்கியது இந்த மீனைத்தான்.

தெருவெங்கும் நனைந்த சாமான்களை வெளியே போட்டு உலர்த்திக்கொண்டிருந்த அந்த நாட்களில், பழைய பொருள் வாங்குகிறவர்களும் தெருத் தெருவாக வந்தார்கள். பொங்கல் கழிந்த மறுநாள் வந்தவர் காரைக்குடிப் பக்கத்து வியாபாரி. மரியாதையான மனிதர். வேறு எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திண்ணையில் வெயிலில் கிடந்த பலகையை எடுத்தார். கீலைத் திறந்து மூடினார். ஒவ்வொரு குழியிலும் பெருவிரலை விட்டுத் தடவினார்.

"அக்கா, இதிலே ஒரு உடைசல் இல்லே, ஒரு விரிசல் இல்லே. கீல்கூட அந்தக் காலத்துக் கீல். சுத்தி வளைச்சுப் பேசலே. உங்க வீட்டுக்கு ஒரு புது ஃபிரிட்ஜ், ஒரு புது கிரைண்டர் வந்து இறங்கும். நான் இதை எடுத்துக்கிடறேன்" என்றார்.

வாசகச் சகோதரிகளே! மூன்று வாரமாக ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனம் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "மாசி பிறந்ததும் வாருங்கள், யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவே வீட்டில் மகாநாடு கூடிவிட்டது. என் கணவர் கட்சி, கொடுத்துவிடலாம் என்பது. "முப்பது வருஷமா பரண்லே தூங்கின சாமானுக்கு முப்பது நாள் யோசனையா?" என்றார்கள். பெங்களூரிலிருக்கும் என் மகன் டெலிபோனிலேயே எதிர்க்கட்சி ஆரம்பித்தான். "அம்மா, அவசரப்படாதீங்க. விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் இப்போ என்ன விலை தெரியுமா?" என்று அவன் சொன்ன சமாசாரத்தைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

'சூப்பர் மாரியோ 64' என்று ஒரு வீடியோ கேம். 1996-ல் ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனி வெளியிட்டது. லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்த சாதாரணச் சரக்கு. அதில் ஒரே ஒரு பெட்டி 2021-ம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்றாம்! நம் பணத்தில் அன்றைக்கு 11 கோடி ரூபாய்க்கு மேல். "அதிலே என்னடா அப்படி விசேஷம்?" என்று கேட்டேன். "அந்தப் பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லைம்மா. கம்பெனியில் சுற்றின பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கு. நிபுணர்கள் பரிசோதித்து, பத்துக்கு 9.8 மார்க் போட்டிருக்காங்க" என்றான்.

நான் வெகு நேரம் இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள். யாரும் ஒரு தடவைகூட விளையாடாததால் அதற்கு மதிப்பு! குழந்தைகள் கையில் கிடைத்து, ஆடி ஆடித் தேய்ந்துபோன பெட்டிகளுக்கு அந்த விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. சமைக்காத பாத்திரத்துக்குத்தான் விலை, கட்டாத புடவைக்குத்தான் விலை என்கிற கணக்கு இது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எல்லாரும் பிரித்துவிட்ட உலகத்தில் பிரிக்காத ஒன்று அபூர்வம்தான். அபூர்வத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் எங்கள் பலகைக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? வியாபாரி பெருவிரலால் தடவிப் பார்த்தது எதை? மூன்று தலைமுறைப் பெண்கள் ஆடியதால் உண்டான வழவழப்பையல்லவா? உடைசல் இல்லாததும் அவருக்கு வேண்டும்; ஆடியிருக்க வேண்டும் என்பதும் வேண்டும்!

இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குப் பல்லாங்குழி என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஆகையால் இரண்டு வார்த்தை. குழிக்கு ஐந்து காயாகப் பதினான்கு குழிக்கு எழுபது காய். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, கழற்சிக்காய் எதுவானாலும் சரி. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ள குழியின் காய்கள் உங்களுக்கு. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது நாலு காய் சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். குழிக்கு ஆறு காய் போடும் வீடும் உண்டு. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் சட்டம் மாறும். சண்டை மட்டும் மாறாது.

இதே மாதிரி குழியில் காய் விதைக்கும் ஆட்டம் உலகத்தில் பாதி தேசங்களில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் சொங்காக் என்கிறார்கள், ஜாவாவில் டாக்கோன், மேற்கு ஆப்பிரிக்காவில் ஓவாரே. இலங்கையில் சிங்களப் பெண்கள் வருஷப் பிறப்பின்போது குன்றிமணியை வைத்து ஆடுவதற்கு ஓலிந்த கெலிய என்று பெயர். நம் பக்கத்தில் வளைகாப்புப் பெண்ணை உட்கார்த்தி வைத்து ஆடுவதும், பெண்ணுக்குச் சீரோடு பலகை கொடுப்பதும் வழக்கமாக இருந்தன. ஒருத்தியே தனியாக ஆடுகிற ஆட்டமும் ஒன்று உண்டு. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சிறையிருந்த சீதாபிராட்டி, எதிரே உட்கார ஆளில்லாமல் தனக்குத் தானே ஆடினாள் என்பது ஐதிகம்.

சீதைப் பாண்டி என்றதும் எங்கள் சின்ன அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மாமனாரின் தங்கை. அப்போது வயது எண்பத்து மூன்று. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள், அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் மருமகளாக வந்த புதிதில், மத்தியான நேரங்களில் கூடத்துத் தூணோரம் பலகையை விரித்துத் தனியாகச் சீதைப் பாண்டி ஆடிக்கொண்டிருப்பார்கள். பிறகு டெலிவிஷன் வந்தது. கூடத்தில் நாற்காலிகள் மாறின. பலகை பரணுக்குப் போயிற்று. அத்தை ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.

மகாநாட்டில் நான் எடுத்த கட்சி, 'அத்தை இருக்கிற வரையில் கொடுக்கக்கூடாது' என்பது. மறுநாள் காலையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்கள்.

"எனக்காவ வச்சிருக்கேன்னு சொல்லாத ஏட்டி. கொடுக்கணும்னா கொடுத்துரு. நீ கையொடிய மாவாட்டுதத நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? பலகையில என்ன இருக்கு? தரையில பதினாலு குழி பறிச்சா அதுவும் பல்லாங்குழிதான்."

"அப்போ இத்தனை வருஷமா ஏன் அத்தை அதை ஒரு நாள்கூடக் கேக்கலே? கேட்டிருந்தா எடுத்துத் தந்திருப்பேனே!"

"தந்திருப்பே. யாரு இல்லேன்னா? ஆனா எதிர உக்கார ஒரு ஆளு வேணும்லா? அறுவது வருசம் நானே ஆடி, நானே செயிச்சாச்சு. போதும்."

இதைக் கேட்டதும் என் கட்சி படுத்துவிட்டது. அத்தைக்காக என்ற காரணத்தை அத்தையே பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். இனிமேல் வைத்துக்கொள்வதானால் வேறு காரணம் வேண்டும். நானும் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன்.

வெளியாரிடம் போன பொருளெல்லாம் வீணாகிவிடுகிறது என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், இதே தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-ம் வருஷம் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டியெடுத்த பழம்பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ என்ற பிரிட்டிஷ்காரர் தோண்டியெடுத்தவை சென்னை மியூசியத்தில் சேர்ந்தன. நம்முடையது பெர்லினில் இருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் மியூசியத்துக்குப் போனதால்தான் அவை இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகின்றன. பாத்திரக்கடைக்குப் போயிருந்தால் எடைக்கு உருக்கியிருப்பார்கள். 2023-ல் ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய குழிகளை மூடாமல் கண்ணாடிக்குக் கீழே, தாழிகள் இருந்த இடத்திலேயே பார்க்கும்படி ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். பொருள் இருந்த இடத்திலேயே இருப்பதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு என்பது அதைப் பார்க்கும்போது தெரிகிறது. ஆனால் எங்கள் பலகை இருந்த இடம் எது? கூடமா, பரணா? பரண்தான் என்றால், அதைவிட வியாபாரியின் கண்ணாடி அலமாரியே மேல். அவராவது வாரம் ஒரு முறை எண்ணெய் தடவித் துடைப்பார்!

ஆகவே, என் கணவரிடம் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். மாசி பிறக்கிற வரையில் பலகை கூடத்தில் விரித்தபடி கிடக்கட்டும். யாரையும் 'வந்து ஆடு' என்று வற்புறுத்தக்கூடாது. ஒரு மாதத்தில் ஒருவரும் தொடவில்லையென்றால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவது. ஆடினார்கள் என்றால், மேற்கொண்டு யோசிப்பது.

முதல் ஐந்தாறு நாட்களுக்குப் பலகையைத் தொட்டது நானும் துடைப்பமும்தான். என் கணவர் கிரைண்டர் விளம்பரங்களைக் கத்தரித்துச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், தாயாருக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் சோழிகளைக் குழிக்குள் போட்டுப் போட்டு எடுத்தாள். சின்ன அத்தை பார்த்துக்கொண்டேயிருந்தார்கள்.

"ஏட்டி, அப்படிப் போடப்பிடாது. குழிக்கு அஞ்சு. எண்ணிப் போடு, பாப்போம்."

அவ்வளவுதான்! மறுநாள் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வந்தாள். அதற்கு அடுத்த நாள் அடுத்த வீட்டுப் பையன்கள் இரண்டு பேர். வெள்ளத்தில் அவர்கள் வீட்டு டெலிவிஷனும் போயிருந்தது. ஒரு வாரத்துக்குள் மத்தியானம் மூன்று மணிக்குக் கூடத்தில் நடக்க இடமில்லை. எதிர்வீட்டு மதினி, 'சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்' என்று வந்தவர்கள், விளக்கு வைக்கிற நேரம் வரையில் உட்கார்ந்து நாலு பசுவைத் தோற்றுவிட்டுப் போனார்கள். எழுபது சோழியில் அறுபத்து மூன்றுதான் பையில் இருந்தன. மிச்சத்துக்குப் புளியங்கொட்டை சேர்த்துக்கொண்டோம். அத்தைக்குக் கண் பார்வை மங்கல்தான். ஆனால் குழியைப் பார்க்கவே வேண்டாம். விரலை வைத்தால் எத்தனை காய் என்று சொல்லிவிடுவார்கள். எதிராளி கவனிக்காதபோது ஒரு காயை நகர்த்திவிடுவதும் உண்டு என்பதை இங்கே ரகசியமாகச் சொல்லிவைக்கிறேன். அந்தச் சிறுமி அதைக் கண்டுபிடித்து, "ஆச்சி, கள்ளாட்டம்!" என்று கத்திய அன்று அத்தை சிரித்த சிரிப்பை, நான் இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

சுகமாகவே போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். மாதக் கடைசியில் பையன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் பலகை கீழே விழுந்தது. மீனின் வாலில் ஒரு சில்லு பெயர்ந்தது. கீலும் ஆட ஆரம்பித்தது.

சொன்னபடி மாசி பிறந்ததும் வியாபாரி வந்தார். வாலைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. "அக்கா, ஒரு மாசத்திலே இப்படிப் பண்ணிட்டீங்களே! இனிமே ஃபிரிட்ஜ் மட்டும்தான். கிரைண்டர் கட்டுபடியாகாது" என்றார். நான் சொல்வதற்கு முன்னால் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "தம்பி, காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க. பலகை இப்போ வேலையா இருக்கு!" மனிதர் சிரித்துவிட்டார். காப்பி சாப்பிட்டார், ஒரு ஆட்டமும் ஆடினார், தோற்றுப்போனார். போகும்போது, கீலைச் சரிசெய்ய எந்த மாதிரி ஆணி போட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

கிரைண்டரைத் தவணை முறையில் வாங்கினோம். ஃபிரிட்ஜுக்கு மேலும் எட்டு மாதம் ஆயிற்று. அந்தக் கோடை முழுவதும் காருகுறிச்சி மண்பானைத் தண்ணீர்தான்; மாவை அன்றன்றைக்கு ஆட்டினோம்; மிச்சக் குழம்பு என்ற பேச்சே இல்லை. கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாவு புளித்துப்போன நாட்களில் அந்த மீனைப் பார்த்துப் பல்லைக் கடித்ததும் உண்டு.

'ஆகையால் யாரும் எதையும் விற்காதீர்கள்' என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள், பரம்பரைப் பித்தளைப் பாத்திரம் அத்தனையையும் கொடுத்து, மகளின் காலேஜ் சம்பளத்தைக் கட்டினார்கள். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. கொடுப்பதென்று தீர்மானித்தால் விவரம் தெரிந்து கொடுங்கள். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருள்களும் பழம்பொருள்களும் தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றை வாங்கி விற்கும் வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வாசலில் வந்து நிற்பவரிடம் லைசென்ஸைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒருவர் சொல்லும் விலையை நம்பாமல் இன்னும் இரண்டு பேரிடமும் விசாரியுங்கள்.

ஆனால் தீர்மானிப்பதற்கு முன்னால் அந்தப் பொருளை ஒரு மாதம் கூடத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். புடவையானால் ஒரு வெள்ளிக்கிழமை கட்டிக்கொள்ளுங்கள். பைண்டு புத்தகமானால் ராத்திரி ஒரு அத்தியாயம் உரக்கப் படியுங்கள். அண்டாவானால் ஒரு நாள் வெந்நீர் போடுங்கள். யார் அதனருகில் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். ஒருவரும் வராவிட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடலாம். அதை விரும்புகிற ஒருவர் வீட்டில் அது நன்றாகவே இருக்கும்.

பல்லாங்குழிதான் உங்கள் பரணில் இருக்கிறது, காய்களைத்தான் காணோம் என்கிறீர்களா? அதற்காக நிறுத்த வேண்டாம். புளி வாங்கும்போது கொட்டை எடுக்காத புளியாகப் பார்த்து வாங்குங்கள். எழுபது கொட்டையைக் கழுவி வெயிலில் உலர்த்தினால் போதும். எதிரே உட்கார ஆள் தேடுவதுதான் கொஞ்சம் சிரமம். அதையும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தேடினால் கிடைத்துவிடும்.